மோர்ச் செம்பும் பிரஷரும்: மேல்மலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பொங்கல் முடிந்த மறுநாள் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை வாழ்க்கைப்பட்ட ஊர் பழனி மலையில், மேல்மலைப் பக்கம். வத்தலக்குண்டில் விடியக்காலை பஸ் ஏறினால் கொடைக்கானலில் இறங்கி, மன்னவனூர் பஸ் பிடித்து, பூம்பாறை தாண்டி வீடு போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும். போனதும் ஒரு டம்ளர் மோரைக் கையில் கொடுத்துவிட்டு அத்தை கேட்டார்: "ஏத்தா, நீதான் நர்சாச்சே, மோர் குடிச்சா பிரஷர் இறங்கும்ங்கிறாங்களே, மெய்தானா?" நான் ஒரு வாய் குடித்தேன். இஞ்சி, பச்சை மிளகாய், மல்லித்தழை எல்லாம் தட்டிப் போட்ட அருமையான மோர். ஆனால் உப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட 15 வாரம் ஆனது. நான் டாக்டர் இல்லை, வத்தலக்குண்டில் ஒரு சின்ன மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். தினமும் பத்திருபது பேருக்காவது பிரஷர் பார்க்கிறேன், அதில் பாதிப் பேர் மோர், பூண்டு, முருங்கைக்கீரை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி "மாத்திரையை விட்டுடலாமா சிஸ்டர்" என்று கேட்கிறவர்கள்தான். அதனால் சொந்த அத்தை வீட்டிலேயே இது நடந்தபோது, வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராமல், எல்லாவற்றையும் அளந்து எழுதி வைத்துக்கொண்டே போனேன். இதை எழுத அத்தை முழுமனதோடு சம்மதித்தார். தன் பெயரும் ஊர்ப் பெயரும் மட்டும் வேண்டாம் என்றார்.

எனக்கு இதில் இன்னொரு அக்கறையும் உண்டு. அத்தையின் அம்மா, அதாவது என் அப்பத்தா, பிரஷர் ஏறி வாதம் வந்து ஒன்றரை வருஷம் படுக்கையில் கிடந்து போனவர். வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் ஒரே காலையில் போனது. ராத்திரியில் அவரைப் புரட்டிப் படுக்க வைத்த கைகள் அத்தையுடையதும் என்னுடையதும்தான்.

சரி, அத்தையின் விவரம். வயது 61. உயரம் 150 சென்டிமீட்டர், எடை 58 கிலோ. சர்க்கரை இல்லை. புகையிலை, வெற்றிலை எதுவும் கிடையாது. பூண்டுக் காடு இருக்கிறது, கூடவே கொஞ்சம் கேரட்டும் பீன்ஸும் போடுவார்கள், வீட்டில் ஒரு பசு. ஐந்து வருஷமாகப் பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் தினம் ஒன்று. 2021 ஆகஸ்ட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்ததற்குப் பிறகு மாத்திரைக்காக மலை இறங்கி வர வேண்டிய அவசியம் இல்லை, வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் பிரஷரை எழுதிவைக்கிற அட்டையைப் பார்த்தால் ஆடி, ஆவணி வரை 138/86, 142/88 என்று ஓரளவு ஒழுங்காக இருக்கிறது. புரட்டாசிக்குப் பிறகு 150, 156 என்று ஏறுகிறது. "ஆஸ்பத்திரியில போய் ஒரு தடவை காட்டுங்கம்மா" என்று வந்த பெண் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். பூண்டு நடவு, களையெடுப்பு என்று அத்தை போகவில்லை.

புரட்டாசியில் நடந்தது என்னவென்றால், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் போனில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். ஜப்பானில் புளித்த பால் குடித்தே பிரஷரைக் குறைக்கிறார்கள் என்று அதில் ஒருவர் பேசியிருக்கிறார். வீட்டில் பசு இருக்கிறது, தயிருக்குப் பஞ்சமில்லை. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு பெரிய செம்பு மோர். நான்கு மாதம் விடாமல் குடித்திருக்கிறார்.

அந்த வீட்டில் தயிர் உறைவதே ஒரு தனிக் கலை, அதைச் சொல்லியே ஆகவேண்டும். தை மாதத்தில் மேல்மலையில் ராத்திரிக் குளிருக்குப் பால் உறையாது, எங்கள் ஊரில் மூன்று நான்கு மணி நேரத்தில் உறைகிற பால் அங்கே விடிந்தும் பாலாகவே நிற்கும். அதனால் அத்தை பாலைக் கை பொறுக்கிற சூட்டில் உறை ஊற்றி, இரண்டு மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டு, பானையைப் பழைய கம்பளியில் சுற்றி, விறகடுப்புக்குப் பக்கத்தில் தணல் சூடு படுகிற இடமாகப் பார்த்து வைப்பார். காலையில் கம்பளியை விலக்கினால் கெட்டித் தயிர். அதை இன்னும் ஒரு பகல் விட்டுப் புளிக்கவைத்துத்தான் மோர் கடைவார், புளித்தால்தான் மருந்து என்று வீடியோவில் சொன்னார்களாம்.

அளவு எடுத்த விதம்

மகன் வாங்கிக் கொடுத்த டிஜிட்டல் மெஷின் ஒன்று வீட்டில் இருந்தது, மேல்கையில் கட்டுகிற நல்ல மெஷின்தான். பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரிலேயே பிரஷரையும் எழுதி வைத்திருந்தார் அத்தை: 171/101, அடுத்த நாள் 139/84, அதற்கடுத்து 158/97. இப்படித் தாவுகிற அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எப்படிப் பார்க்கிறீர்கள் என்று செய்து காட்டச் சொன்னேன். அடுப்புப் பற்றவைத்துவிட்டு, தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து, ஸ்வெட்டர் கைக்கு மேலேயே பட்டையைக் கட்டி, கையைத் தொங்கவிட்டபடி, மாமாவோடு பேசிக்கொண்டே பொத்தானை அமுக்கினார். 168/98.

இதில் ஒவ்வொன்றும் அளவைக் கெடுக்கும். தடித்த துணிக்கு மேல் கட்டினால் அளவு சரியாக வராது, கை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே தொங்கினால் கூடுதலாகக் காட்டும், பேசினாலும் கூடும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் கூடும், குளிர் தனியாக ரத்தக் குழாய்களைச் சுருக்கி இன்னும் கொஞ்சம் ஏற்றும். மலையில் இருப்பவர்கள் இந்த ஸ்வெட்டர் விஷயத்தைத் தயவுசெய்து கவனியுங்கள். குளிருக்குப் பயந்து கழற்றாமலேயே பார்க்கிறவர்கள்தான் அதிகம். சால்வையைப் போர்த்திக்கொள்ளலாம், ஒரு கையை மட்டும் வெளியே எடுத்தால் போதும்.

அதன்பிறகு முறையை மாற்றினோம். அடுப்படிக்குப் பக்கத்து அறையில், முதுகு சாய்த்து நாற்காலியில், கால் இரண்டும் தரையில், கை மேஜைமேல், ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு, காப்பி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். காலையில் இரண்டு தடவை, சாயங்காலம் இரண்டு தடவை, நடுவில் ஒரு நிமிஷ இடைவெளி. ஏழு நாள் எடுத்து, முதல் நாளைக் கணக்கில் சேர்க்காமல் மீதி ஆறு நாளுக்குச் சராசரி போட்டோம். நான் இரண்டு நாளில் ஊர் திரும்பிவிட்டேன், பத்தாவது படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண் எழுதி எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அந்த வாரச் சராசரி 161/95. முறையாக அளந்தும் இவ்வளவு என்றால் உண்மையிலேயே ஏறித்தான் இருக்கிறது.

நெஞ்சுவலி, மூச்சு வாங்கல், வாய் கோணல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் எதுவும் இல்லை. இருந்திருந்தாலோ, மேல் அளவு 180, கீழ் அளவு 120 என்ற பக்கம் போயிருந்தாலோ, ஆய்வு கீய்வு எதுவும் கிடையாது, அன்றே மலை இறக்கியிருப்பேன்.

தகர டப்பாவில் இருந்த மாத்திரைகள்

ஊர் திரும்புவதற்கு முன்னால் மாத்திரை டப்பாவை எடுத்து வரச் சொல்லி, பாயில் கொட்டி எண்ணினேன். 57 அம்லோடிபின் மிச்சம். நான்கு மாதம் என்றால் 120 நாள், கிட்டத்தட்டப் பாதி. அத்தை தலையைக் குனிந்துகொண்டார். "மோர்தான் குடிக்கிறேனே, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாப் போதும்னு நெனச்சேந்தா" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. எங்கள் மருத்துவமனை வாசலில் நான் தினமும் கேட்கிற வாக்கியம் அது.

அதே டப்பாவில் இன்னொரு பட்டை இருந்தது, டைக்ளோஃபெனாக். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கியது. படிக்கட்டுப் படிக்கட்டாக இருக்கிற பூண்டுக் காட்டில் நாள் முழுக்க ஏறி இறங்குகிற முழங்காலுக்கு வலி இல்லாமல் இருக்குமா? நடவு ஆரம்பித்ததிலிருந்து வாரத்துக்கு நாலைந்து போட்டிருக்கிறார். இந்த வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும், பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை. பிரஷர்காரர்கள் கடையில் "வலிக்கு ஒன்னு குடுங்க" என்று கேட்கிறபோது தனக்குப் பிரஷர் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் எவ்வளவோ நல்லது.

ஆக அந்த நான்கு மாதத்தில் மோர் மட்டும் வரவில்லை. பாதி மாத்திரை போயிருக்கிறது, வலி மாத்திரை வந்திருக்கிறது, குளிர்காலம் வந்திருக்கிறது. அப்புறம் உப்பு.

உப்பை எடை போட்ட நாள்

"மோருக்கு எப்பவும் போடுற உப்பை இந்தத் தட்டுல போடுங்க அத்தை" என்றேன். கல் உப்பு ஜாடிக்குள் கையை விட்டு, மூன்று விரலால் அள்ளிப் போட்டார், கொஞ்சம் யோசித்து இன்னொரு தடவை போட்டார். மளிகைக் கடைத் தம்பியிடம் சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி வந்திருந்தேன். 7 கிராம். ஒரு லிட்டர் செம்புக்கு அது. செம்பில் முக்கால்வாசிக்கு மேல் அத்தைதான் குடிக்கிறார், மாமா ஒரு சின்ன டம்ளரோடு சரி. அப்படியென்றால் மோரில் மட்டும் அத்தைக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு.

உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரியவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் சொல்வது 5 கிராமுக்குக் கீழே, அதாவது சோடியம் 2 கிராமுக்குக் கீழே. அத்தை அதை மோரிலேயே முடித்துவிடுகிறார். குழம்பு, ரசம், பொரியலில் போவது தனி, ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தையில் வாங்கி வருகிற கருவாடு தனி, மோர் மிளகாய் தனி. மோர் மிளகாயை உப்பு மோரில் ஊறவைத்து ஊறவைத்துத்தானே காயவைக்கிறோம்!

அத்தை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டா?" என்றார். தராசு காட்டிய எண்ணை அவரே இரண்டாவது முறை எட்டிப் பார்த்தார். நான் எத்தனை தடவை "உப்பைக் குறைங்க" என்று நோயாளிகளிடம் சொல்லியிருப்பேன், அது யாருக்கும் எட்டியதாகத் தெரியவில்லை. தட்டில் கொட்டிக் காட்டினால் எட்டுகிறது. இப்போது எங்கள் வார்டில் ஐந்து கிராம் உப்பை ஒரு சின்னப் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறேன், கேட்பவர்களின் கையில் கொடுத்துக் காட்டுகிறேன்.

ஜப்பான் கதை பொய்யா?

பொய் இல்லை, அதனால்தான் இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கையுன் மிஷிமா என்ற ஜப்பானியர் மங்கோலியாவில் புளித்த பால் குடித்துப் பழகி, ஊர் திரும்பி 1919இல் கால்பிஸ் என்ற பானத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு 1990களில் அந்தப் புளித்த பாலை ஆராய்ந்தபோது, பாலின் கேசின் புரதம் உடைந்து உண்டாகும் இரண்டு துண்டுகள் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றும் மூன்றே அமினோ அமிலம் கொண்ட மிகச் சின்னத் துண்டு. வி.பி.பி., ஐ.பி.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். லாக்டோபாசில்லஸ் ஹெல்வெட்டிகஸ் என்ற பாக்டீரியா புளிக்க வைக்கும்போது இவை கிடைக்கின்றன.

இவை என்ன செய்யும்? சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை ரத்தத்தில் விடுகிறது, அது ஆஞ்சியோடென்சின் ஒன்று என்பதை உண்டாக்குகிறது, ஏ.சி.இ. என்ற நொதி அதை ஆஞ்சியோடென்சின் இரண்டாக மாற்றுகிறது. இந்த இரண்டாவதுதான் ரத்தக் குழாயை இறுக்கி, உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கச் சொல்லிப் பிரஷரை ஏற்றுவது. அந்த நொதியைத் தடுத்தால் பிரஷர் இறங்கும். பிரேசில் நாட்டு ஜராராக்கா விரியன் பாம்பின் விஷத்தில் இப்படித் தடுக்கிற புரதத் துண்டுகள் இருப்பதைக் கண்டுபிடித்து, அதை வைத்து உருவாக்கிய மாத்திரைதான் கேப்டோபிரில், 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் வழியில் வந்த எனலாபிரில், ராமிபிரில் எல்லாம் இன்று நம் வார்டுகளில் தினமும் கொடுக்கிறோம், சிலருக்கு வறட்டு இருமல் வருகிறதே, அந்தக் குடும்பத்து மாத்திரைதான். புளித்த பாலில் கிடைத்த அந்த இரண்டு துண்டுகளும் சோதனைக் குழாயில் அதே நொதியைத்தான் தடுக்கின்றன. சோதனைக் குழாயில் என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். வாய்வழியாகக் குடித்தால் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது மிகமிகக் கொஞ்சம்.

மனிதர்களிடம் சோதித்தார்கள். 1996இல் ஜப்பானில் வயதான பிரஷர் நோயாளிகள் 30 பேரை வைத்து நடந்த ஆய்வில், தினம் 95 மில்லி புளித்த பால் குடித்தவர்களுக்கு எட்டு வாரத்தில் மேல் அளவு 14 புள்ளி இறங்கியது. பின்லாந்தில் 2003இல் 39 பேரிடம், 21 வாரம், தினம் 150 மில்லி கொடுத்துப் பார்த்ததில், சாதாரணப் பால் பானம் குடித்தவர்களோடு ஒப்பிட்டால் மேல் அளவில் 6.7 புள்ளி வித்தியாசம் வந்தது. வீடியோக்காரர்கள் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நெதர்லாந்தில் நடந்த பெரிய சோதனைகளில் வித்தியாசம் தெரியவில்லை. 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு 15 சோதனைகளை, மொத்தம் 1232 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. மேல் அளவில் சராசரியாக 2.45 புள்ளி இறக்கம், கீழ் அளவில் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. பிரஷருக்கு வைத்தியமாக இதைச் சொல்ல முடியாது என்று முடித்தார்கள். அதே வருஷம் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் இந்தத் துண்டுகளுக்கும் பிரஷர் இறங்குவதற்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை என்றது. ஜப்பானியர்களிடம் இறக்கம் அதிகமாகவும் ஐரோப்பியர்களிடம் குறைவாகவும் தெரிந்தது, அது உணவாலா, உடல்வாகாலா, சின்னச் சின்ன ஆய்வுகளின் கோளாறா என்ற பேச்சு அப்படியே நிற்கிறது.

இன்னொன்று, அவர்கள் குடித்தது நம் மோர் இல்லை. குறிப்பிட்ட பாக்டீரியாவை எண்ணி விட்டு, குறிப்பிட்ட நேரம் புளிக்கவைத்து, அந்தத் துண்டுகள் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்து கொடுத்தது. நம் உறையில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும், பருவத்துக்குப் பருவம் மாறும். அதோடு நாம் ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் ஊற்றுகிறோம், அத்தையின் 200 மில்லி டம்ளரில் தயிர் 50 மில்லிதான். அவர்களுடைய ஆய்வில் உப்பும் போடவில்லை!

என்ன மாற்றினோம்

திண்டுக்கல்லில் ஒரு டாக்டரிடம் அத்தையைக் காட்டினோம். சிறுநீர், கிரியாட்டினின், பொட்டாசியம், ஈ.சி.ஜி. எல்லாம் எடுத்தார், எல்லாம் சரியாகவே இருந்தன. புதிய மாத்திரை எதுவும் சேர்க்கவில்லை. இருக்கிற அம்லோடிபினைத் தினமும் போடச் சொன்னார், டைக்ளோஃபெனாக்கை நிறுத்திவிட்டு வலி தாங்காதபோது மட்டும் பாராசிட்டமால், மற்ற நேரம் வெந்நீர் ஒத்தடம், முழங்காலுக்கு உட்கார்ந்தபடி செய்கிற பயிற்சி. அம்லோடிபின் உடம்பில் மெதுவாகச் சேர்ந்து மெதுவாகப் போகிற மாத்திரை, முழு வேகம் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதனால் இரண்டு வாரம் வேறு எதையும் தொடாமல் காத்திருந்தோம். உப்பு மோரும் அப்படியே ஓடியது. இரண்டாவது வாரக் கடைசியில் சராசரி 149/89.

அடுத்த நான்கு வாரம் உப்பு. இதுதான் கஷ்டமான கட்டம். முதல் நாள் உப்பில்லாத மோரைக் குடித்துவிட்டு அத்தை முகத்தைச் சுளித்து, "வெறும் தண்ணியக் குடிச்ச மாதிரி இருக்குத்தா" என்று போனில் சொன்னார். ஒரேயடியாக நிறுத்தியிருக்கக் கூடாது, என் தப்பு அது. மறுநாளிலிருந்து பாதி, அடுத்த வாரம் கால், அதற்கடுத்த வாரம் இல்லை என்று இறக்கினோம். உப்பு இருந்த இடத்தில் இஞ்சியும் கறிவேப்பிலையும் கூடுதலாகப் போனது, அத்தையே யோசித்து இளம் பூண்டுத் தழையை நறுக்கிப் போட்டுப் பார்த்தார். நான் அடுத்த தடவை போனபோது குடித்தேன். பச்சைப் பூண்டு வாசமும் இஞ்சிக் காரமும் புளிப்பும் சேர்ந்து, உப்பு இல்லை என்பதே மூன்றாவது மடக்கில்தான் நினைவுக்கு வந்தது. கருவாடு மாதம் ஒரு முறை என்று ஆனது, மோர் மிளகாய் மாமாவின் தட்டுக்குப் போனது. ஏழாவது வாரச் சராசரி 137/83.

உப்புக்கு இவ்வளவு சக்தியா என்று கேட்கலாம். உப்பைக் குறைத்தால் பிரஷர் எவ்வளவு இறங்கும் என்று அமெரிக்காவில் பார்த்து 2001இல் வெளிவந்த டாஷ் சோடியம் ஆய்வில், சாதாரணச் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்குச் சோடியத்தை அதிக அளவிலிருந்து குறைந்த அளவுக்குக் கொண்டுவந்ததில் மட்டும் மேல் அளவு சராசரியாக 6.7 புள்ளி இறங்கியது. புளித்த பால் இறக்கியதாகச் சொல்லப்படும் 2.45 புள்ளியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே டம்ளரில் இரண்டையும் சேர்த்துக் குடித்தால் எது ஜெயிக்கும்?

மோர் மட்டும் என்ன செய்தது

இத்தனைக்குப் பிறகும் அத்தையின் கேள்வி மிச்சம் இருந்தது. அதனால் இன்னும் எட்டு வாரம் எடுத்துக்கொண்டோம். மாத்திரை, உப்பு எல்லாம் அப்படியே இருக்க, இரண்டு வாரம் மோரே இல்லை, இரண்டு வாரம் உப்பில்லாத மோர் தினம் இரண்டு டம்ளர், மறுபடி இரண்டு வாரம் இல்லை, மறுபடி இரண்டு வாரம் உண்டு. சராசரிகள் வரிசையாக 137/83, 135/83, 134/82, 136/83.

அதாவது, மோர் குடித்த வாரங்களுக்கும் குடிக்காத வாரங்களுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அத்தைக்கு ஒரே நாளில் காலைக்கும் சாயங்காலத்துக்குமே எட்டுப் பத்து புள்ளி கூடிக் குறைகிறது, அதற்குள் இரண்டு புள்ளி ஒளிந்திருந்தாலும் இந்த முறையில் கண்டுபிடிக்க முடியாது. ஒரே ஒரு ஆள், எது எந்த வாரம் என்று அவருக்கே தெரியும், கண்ணைக் கட்டிச் செய்கிற சோதனையும் இல்லை. மாத்திரையையும் வலி மாத்திரையையும் ஒரே நாளில் மாற்றியதால் முதல் 12 புள்ளி இறக்கத்தில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை. தையில் ஆரம்பித்துச் சித்திரையில் முடித்தோம், வெயில் ஏற ஏறப் பிரஷர் தானாகவே கொஞ்சம் இறங்கும், அந்த இறக்கமும் இதற்குள் கலந்திருக்கிறது. இந்தக் குறைகளை மறைத்துவிட்டு "உப்பைக் குறைத்தேன், 12 புள்ளி இறங்கியது" என்று தலைப்புப் போட்டால் நானும் அந்த வீடியோக்காரர் மாதிரிதான் ஆகிவிடுவேன்.

ஆனாலும் அத்தையிடம் மோரை நிறுத்தச் சொல்லவில்லை. ஏன் நிறுத்த வேண்டும்? கொஞ்சம் கால்சியம், கொஞ்சம் பொட்டாசியம், கொஞ்சம் புரதம், வயிற்றுக்கு இதம், வீட்டுப் பசுவின் பால். சாயங்காலம் வருக்கியும் சர்க்கரை போட்ட டீயும் போன இடத்தில் மோர் வந்தால் அதுவே லாபம். மோரை மருந்தாக நினைத்து மாத்திரையைக் குறைத்ததும், மருந்து என்ற பெயரில் உப்பை அள்ளிப் போட்டதும்தான் தப்பு.

மூன்று விஷயம் இடையில் சொல்ல விட்டுப்போனது. கடையில் சோடியம் குறைவான உப்பு என்று விற்கிறார்களே, அதில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள், எனலாபிரில், டெல்மிசார்டன் மாதிரி பிரஷர் மாத்திரை போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். மசாலா மோர் பாக்கெட் வாங்குகிறவர்கள் பின்பக்கம் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்துவிட்டுக் குடியுங்கள். அப்புறம், கீழே வத்தலக்குண்டு வெயிலில் நாள் முழுக்கக் காட்டில் வேர்வை சிந்துகிறவர், பிரஷர் இல்லாதவர், மோரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடிப்பதை நான் குறை சொல்லவில்லை. அத்தையின் கணக்கு வேறு, அப்படி வெயிலில் உழைக்கிற என் அப்பாவின் கணக்கு வேறு.

இப்போது வைகாசி. அத்தை தினம் மாத்திரை போடுகிறார், காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு டிக் போடுகிறார். வாரத்தில் இரண்டு நாள் மட்டும், ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, பேசாமல் உட்கார்ந்து பிரஷர் பார்க்கிறார். போன வாரம் 134/82. மாமாவுக்கும் ஒரு தடவை பார்த்திருக்கிறார்கள், 148/90 காட்டியிருக்கிறது, ஏழு நாள் முறையாக எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதுவரை மோர் மிளகாயை அவர் தட்டிலிருந்தும் எடுத்துவிட்டதாக நேற்று அத்தை போனில் சொன்னார்.